வறண்ட வெயிலில் வீட்டைக் குளிர்விக்க: கூரையா, கூலரா, ஏசியா?

கடலோரத்தின் 35 டிகிரியில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வறண்ட நிலத்தின் 42 டிகிரியில் கொடியில் போட்ட துண்டு சீக்கிரமே காய்ந்து மொடமொடவென்று நிற்கும். இரண்டுமே வெயில்தான். ஆனால் இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்த்தால் காசு மட்டும்தான் கரையும். வறண்ட வெயிலில் நமக்குச் சாதகமாக இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, அந்தக் காற்று தண்ணீரை ஆவலாகக் குடிக்கும், குடிக்கும்போதே குளிர்ந்துவிடும். இன்னொன்று, வானத்தில் மேகமும் காற்றில் ஈரமும் இல்லாததால் ராத்திரியில் சூடு மளமளவென்று இறங்கும். பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்பது இப்படிப்பட்ட ஊர்களில் சாதாரணம்.

ஏசி இந்த இரண்டில் எதையும் பயன்படுத்திக்கொள்வதில்லை. 1902இல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த முதல் நவீன ஏசி, நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காக. ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கி, ஒரு வண்ணத்தின் மேல் இன்னொரு வண்ணம் சரியாக உட்காராமல் போனதுதான் அங்கே பிரச்சினை. காற்றிலிருந்து ஈரத்தைப் பிரிப்பது அந்த இயந்திரத்துக்குப் பிறவிக் குணம். ஈரமே இல்லாத ஊரில் அந்தத் திறமையில் பாதி வீண். ஏசியே கூடாது என்று சொல்ல வரவில்லை. கடைசியாக வாங்க வேண்டியதை முதலில் வாங்கிவிட்டு, மின் கட்டணத்தைப் பார்த்து ஏன் தலையில் கை வைக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

எதில் முதலில் பணம் போடுவது என்று முடிவு செய்ய ஒரு சின்னச் சோதனை போதும். நல்ல கோடை நாளில் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் ஒரு ஸ்டூல் மேல் ஏறி உள்கூரையில் உள்ளங்கையை வையுங்கள். அப்புறம் மேற்குச் சுவரில் வையுங்கள். கடைசியாக, வெயிலே படாத ஏதாவது ஓர் உள்சுவரில். மூன்றில் எது கையைச் சுடுகிறதோ அதுதான் உங்கள் எதிரி. 15 சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்தின் மேல் விழுந்த நண்பகல் வெயில் கீழே வந்து சேர நான்கைந்து மணி நேரம் ஆகும். அதனால்தான் வெளியே சூரியன் மறைந்து காற்று இதமாகிவிட்ட பிறகும் படுக்கையறை மட்டும் அடுப்படி மாதிரி இருக்கிறது. மாடிக்கு மேல் மாடி இருக்கும் நடுத்தள வீட்டில் உள்கூரை குளிர்ந்தே இருக்கும். அவர்களுக்குக் கூரை பற்றிய அடுத்த பகுதியே தேவையில்லை, தாண்டிப் போய்விடலாம்.

கூரை: வெள்ளை, நிழல், அல்லது காப்பு

நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தளத்தின் மேல் கிட்டத்தட்ட 1,000 வாட் வெயில் கொட்டுகிறது. 100 சதுர மீட்டர் மொட்டை மாடி என்றால் 100 கிலோவாட். பழுப்பேறிய கான்கிரீட் இதில் சுமார் 70 விழுக்காட்டை உறிஞ்சிக்கொள்ளும். புதிதாக வெள்ளை அடித்த தளம் 20 விழுக்காட்டை மட்டுமே உறிஞ்சும். மிச்சம் வந்த வழியே வானத்துக்குத் திரும்பிப் போகும். இவ்வளவு பெரிய மாற்றத்தை ஒரு வாளிச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பும் பெயின்டோ செய்துவிடுகிறது என்றால், அதற்கு முன்னால் வேறு எதையும் வாங்குவது எனக்குப் புரியவில்லை.

சுண்ணாம்புக்கும் பெயின்டுக்கும் வித்தியாசம் ஆயுளில்தான். சுண்ணாம்பு மழைக்குக் கரையும், நடந்தால் காலில் ஒட்டும், ஒவ்வொரு கோடைக்கும் அடிக்க வேண்டும். பெயின்ட் சில ஆண்டுகள் நிற்கும். ஆனால் வறண்ட ஊர் என்றாலே புழுதிதான். புழுதி படிந்த வெள்ளை வெள்ளையே இல்லை. எந்தப் பெயின்டாக இருந்தாலும் கோடை தொடங்கும் முன் ஒரு முறை கூட்டிக் கழுவாவிட்டால் போட்ட பணத்தில் பாதி பழுப்பாகிவிடும்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பளபளக்கும் தகரமும் வெள்ளை மாதிரி வெயிலைத் திருப்பத்தானே செய்கிறது என்று நினைப்பார்கள். திருப்பும், ஆனால் உறிஞ்சிய கொஞ்சச் சூட்டை வெளியே விட அதற்கு மனசு வராது. வெறும் உலோகப் பரப்பு வெப்பக் கதிர்களைக் குறைவாகவே உமிழும். வெள்ளைப் பெயின்டோ பகலில் வெயிலைத் திருப்பி, உறிஞ்சியதையும் இரவும் பகலும் வானத்தை நோக்கி உமிழ்ந்துகொண்டே இருக்கும். வறண்ட, தெளிந்த வானம் இதற்கு மிகவும் தோது. 2014இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இந்தத் தத்துவத்தை எல்லைவரை கொண்டுபோய், நேர் வெயிலிலேயே சுற்றுக்காற்றைவிடக் கிட்டத்தட்ட 5 டிகிரி குளிர்ந்து நிற்கும் ஒரு பரப்பைச் செய்து காட்டினார்கள். நம் மாடிக்கு அவ்வளவு வேண்டாம். தகரக் கூரை உள்ளவர்கள் அதன் மேல் வெள்ளை அடித்தாலே வித்தியாசம் தெரியும்.

வெள்ளைக்குப் போட்டி வெப்பக் காப்பு. 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள எக்ஸ்.பி.எஸ். நுரைப் பலகை வெப்பத்தைத் தடுப்பதில் சுமார் இரண்டரை மீட்டர் கான்கிரீட்டுக்குச் சமம். கேட்க நம்ப முடியாது, ஆனால் கணக்கு அதுதான். கான்கிரீட் அவ்வளவு மோசமான தடுப்பு. நான்குக்கு நான்கு மீட்டர் அறையில், வெறும் தளம் வழியாக உச்ச நேரத்தில் ஒரு கிலோவாட்டுக்கு மேல் சூடு இறங்கும். 1 டன் ஏசி என்பது 3.5 கிலோவாட் சூட்டை வெளியேற்றும் இயந்திரம். அதில் மூன்றில் ஒரு பங்கு கூரையோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். காப்புப் பலகை போட்டால் அந்த ஒரு கிலோவாட் பெரும்பாலும் காணாமல் போகும்.

பலகையை எங்கே போடுவது என்பதில் கவனம் வேண்டும். அறைக்குள் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் போடுவது சுலபம், தளத்தின் மேல் போட்டு அதற்கு மேல் ஓடு பதிப்பது சிரமம். ஆனால் சரியானது சிரமமானதுதான். மேலே போட்டால் கான்கிரீட் முழுவதும் வெயிலிலிருந்து ஒதுங்கி, வீட்டின் குளிர்ச்சியைச் சேர்த்து வைக்கும் பண்டமாக மாறுகிறது. கீழே போட்டால் கான்கிரீட் தினமும் கொதித்து ஆறும், விரிந்து சுருங்கும், அந்த நல்ல எடையெல்லாம் அறைக்குப் பயன்படாமல் போகும். வாடகை வீட்டில் வேறு வழியில்லை என்றால் உள்ளே போடுவதும் தப்பில்லை. ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

சரி, இரண்டில் எது? குளிர்காலத்தில் நடுங்கும் ஊராக இருந்தால் காப்பு. அது இரண்டு பருவத்துக்கும் உதவும், வெள்ளைக் கூரையோ குளிர்காலத்தில் வேண்டிய வெயிலையும் திருப்பி அனுப்பிவிடும். வருடம் முழுக்க வெயில்தான் என்றால், அல்லது கையில் கொஞ்சப் பணம்தான் இருக்கிறது என்றால், வெள்ளை. இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். ஆனால் ஒன்றைச் செய்த பிறகு அடுத்ததால் கிடைக்கும் கூடுதல் பலன் குறைவு.

மூன்றாவது வழி நிழல். மாடியில் ஓர் ஆள் உயரத்துக்கு நிழல் வலை கட்டலாம், அல்லது சூரிய மின் பலகைகளைத் தளத்திலிருந்து உயர்த்தி நிறுத்தலாம். நிழலுக்கும் தளத்துக்கும் நடுவே காற்று ஓட வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான். வலை சூறைக்காற்றில் கிழியும், கம்பம் ஆடும். தளத்தில் தண்ணீர் தெளிப்பதும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் தண்ணீர் இல்லாத ஊரில் அதை யாருக்கும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விரிசல் விட்ட தளத்தில் ஒழுக்குக்கும் அதுவே வழி.

மேற்கு ஜன்னல்

மாலை மூன்று மணிக்கு மேல், திரையில்லாத மேற்குக் கண்ணாடி ஜன்னல் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 600 வாட்டை ஒட்டி உள்ளே விடும். இரண்டு சதுர மீட்டர் ஜன்னல் என்றால் அறைக்குள் ஓர் இஸ்திரிப்பெட்டியை மாலை முழுக்க எரியவிட்ட மாதிரி.

இதற்குப் பெரும்பாலானோர் செய்வது தடிமனான உள்திரை. அது வெளிச்சத்தைத் தடுக்கும், சூட்டை அவ்வளவாகத் தடுக்காது. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் திரையைச் சுடவைக்கும், சூடான திரை அறையைச் சுடவைக்கும். அதே துணியைக் கண்ணாடிக்கு வெளியே தொங்கவிட்டால் கதையே வேறு. வெளித்தட்டி, மூங்கில் பிளைன்ட், மரச்சட்டக் கதவு, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பழைய நிழல் வலை, எதுவானாலும் வெளியே. ஜன்னலுக்கு மேல் நீட்டும் சன்ஷேடு, உச்சியில் நிற்கும் சூரியனுக்குத்தான். மேற்கிலும் கிழக்கிலும் வெயில் சாய்வாக, கண்ணுக்கு நேராக வருவதால் அதன் அடியில் புகுந்துவிடும். அங்கே செங்குத்தாகத் தொங்கும் மறைப்புதான் வேண்டும்.

கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிம், வெளித்தட்டிக்கு இரண்டாவது. இரட்டைக் கண்ணாடி நல்லதுதான், ஆனால் கூரை வேகும் வீட்டில் அது இப்போதைக்கு ஆடம்பரம்.

இரவுக் காற்றை உள்ளே விடுவது

இதற்குத்தான் செலவு மிகக் குறைவு, ஒழுங்கு மிக அதிகம். சின்னத் தெர்மாமீட்டர் ஒன்றை வீட்டுக்குள்ளும் ஒன்றை வெளியே நிழலிலும் வையுங்கள். வெளி அளவு உள் அளவைவிடக் கீழே இறங்கியதும் எல்லா ஜன்னலையும் திறக்க வேண்டும். காலையில் வெளி அளவு மீண்டும் எட்டிப் பிடித்ததும் எல்லாவற்றையும் சாத்த வேண்டும். பகல் முழுக்கத் திறக்கக் கூடாது.

இந்தக் கடைசிப் பகுதிதான் வீட்டில் சண்டை மூட்டும். மதியம் இரண்டு மணிக்கு வெளியே 42, உள்ளே 32. அப்போது “கொஞ்சம் காத்து வரட்டும்” என்று யாராவது ஜன்னலைத் திறந்தால் வருவது அனல். இறுக்கமாக இருக்கிறது என்றால் ஃபேனைக் கூட்டலாமே தவிர ஜன்னல் பக்கம் போகக் கூடாது. ஆனால் ஃபேனுக்கும் எல்லை உண்டு. அது காற்றைக் குளிர்விப்பதில்லை, நம் தோலின் வியர்வையை உலர்த்துகிறது. அறைக்குள்ளேயே 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஃபேன் காற்று உடம்பைச் சூடாக்கவே செய்யும்.

இரவுக் காற்று எவ்வளவு வேலை செய்யும்? ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் மணிக்கு 3,000 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்று வீட்டைவிட 8 டிகிரி குறைவாக இருந்தால், அந்த ஃபேன் வெளியேற்றும் சூடு 7.5 கிலோவாட்டுக்கு மேல், அதாவது 2 டன் ஏசியின் வேலை. அதற்கு அது இழுப்பது 150 வாட் அளவில்தான். வீடு குளிரக் குளிர இந்த எண் குறையும். ஆனாலும் விடியும்போது சுவரும் தரையும் குளிர்ந்திருந்தால், அந்தக் குளிர்ச்சி மதியம்வரை கை கொடுக்கும்.

எல்லா வீட்டிலும் இது பலிக்காது. செங்கல், கல், கான்கிரீட் என்று கனமாகக் கட்டிய வீட்டில்தான் குளிர்ச்சி சேமிப்பாகத் தங்கும். மெல்லிய பலகை வீடும் தகர வீடும் சீக்கிரம் குளிரும், அதே வேகத்தில் சுடும். நெருக்கமான நகரத்தின் நடுவில், ராத்திரியிலும் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்தில், திறந்துவைத்துப் பெரிய பலன் இல்லை. அப்புறம் கொசு, புழுதி, திருட்டுப் பயம். கம்பியும் வலையும் போட்ட ஜன்னல் இல்லாத வீட்டுக்கு இந்த யோசனையைச் சொல்வது வீண். அந்த வலைக்குச் செலவழிப்பது ஏசிக்குச் செலவழிப்பதைவிடப் புத்திசாலித்தனம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கூலரா, ஏசியா

இப்போதுதான் இயந்திரத்துக்கு வருகிறோம். இங்கே ஊரின் காற்று எவ்வளவு வறண்டது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அதை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரின் குமிழில் ஈரப் பஞ்சைச் சுற்றி, ஃபேன் காற்றில் சில நிமிடம் பிடித்தால் ஓர் அளவில் வந்து நிற்கும். அதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். கூலர் எவ்வளவு முக்கினாலும் காற்றை அந்த அளவுக்குக் கீழே கொண்டுபோக முடியாது.

காற்று 40 டிகிரி, ஈரப்பதம் 20 விழுக்காடு என்றால் ஈரக்குமிழ் அளவு சுமார் 23 டிகிரி. இடைவெளி 17 டிகிரி. கூலரில் தண்ணீர் ஊறி நிற்க, காற்று புகுந்து வரும் அடுக்குக்குப் பேட் என்று பெயர். நல்ல தேன்கூடு பேட் போட்ட கூலர் அந்த இடைவெளியில் 80 விழுக்காட்டைக் கடந்துவிடும், ஆக வெளியே வரும் காற்று சுமார் 26 டிகிரி. மரச்சீவல் பேட் என்றால் 29 பக்கம் நிற்கும். அதே கூலரை 35 டிகிரியும் 60 விழுக்காடு ஈரமும் உள்ள நாளில் ஓட்டினால் வருவது 30 டிகிரிக் காற்று, அதுவும் ஈரம் சொட்டும் புழுக்கம். கூலரைத் திட்டுபவர்களில் பலர் திட்டுவது இந்த இரண்டாவது நாளைத்தான்.

முதல் நாளின் கணக்கை முழுசாகப் பார்க்கலாம். மணிக்கு 3,000 கன மீட்டர் தள்ளும் கூலர். 26 டிகிரியில் உள்ளே வந்த காற்று அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு 30 டிகிரியில் ஜன்னல் வழியே வெளியே போகிறது. இந்த 4 டிகிரியில் அது சுமந்து செல்வது 3.8 கிலோவாட், அதாவது 1 டன்னுக்குக் கொஞ்சம் மேல். மோட்டாரும் பம்பும் சேர்ந்து இழுப்பது 200 வாட் அளவு. அதே வேலையைச் செய்ய ஏசிக்கு ஒரு கிலோவாட்டுக்குக் குறையாமல் வேண்டும். மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

ஆனால் மின்சாரத்தில் மிச்சம் பிடித்ததைத் தண்ணீரில் கட்டுகிறோம். அந்தக் கூலர் மணிக்கு ஏறத்தாழ 20 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கும். 60 லிட்டர் தொட்டி மூன்று மணி நேரத்தில் காலி. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்புள்ள தண்ணீர் என்றால் மணிக்கு 10 கிராம் உப்பு. பத்து மணி நேரத்தில் 100 கிராம். பேட் மேல் வெள்ளையாகப் பாறை மாதிரி கட்டிக்கொள்வது இதுதான். வாரம் ஒரு முறையாவது தொட்டியை முழுக்கத் திறந்துவிட்டுக் கழுவ வேண்டும். உப்புத் தண்ணீராக இருந்தால் அடிக்கடி. வாரக் கணக்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த தேங்கு நீரில் முட்டையிட்டுப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும்.

கூலரின் பெயர் கெடுவது பெரும்பாலும் வைக்கும் இடத்தால்தான். அதற்கு வறண்ட வெளிக்காற்று வேண்டும், உள்ளே வந்த ஈரக்காற்று வெளியேற வழியும் வேண்டும். அறை நடுவே வைத்துக் கதவைச் சாத்தினால் அரை மணியில் அதே ஈரக்காற்றையே திரும்பத் திரும்ப நனைத்துக்கொண்டிருக்கும், குளிர்ச்சி நின்றுவிடும். ஜன்னலில் பொருத்தி, எதிர்ப்புற ஜன்னலைத் திறந்து வையுங்கள். எவ்வளவு திறப்பது என்பதற்கு ஓர் எளிய வழி: வெளியேறும் ஜன்னலின் கொசுவலை மேல் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வையுங்கள். காற்றழுத்தத்தில் அது வலையோடு ஒட்டிக்கொண்டு நின்றால் சரியான அளவு. கீழே விழுந்தால் திறப்பு அதிகம், கொஞ்சம் சாத்துங்கள். திறந்திருந்தும் அறை பிசுபிசுவென்று இருந்தால் திறப்பு போதவில்லை.

தொட்டியில் பனிக்கட்டி போடும் பழக்கத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். ஒரு கிலோ பனிக்கட்டி உருகினால் எடுக்கும் சூடு, ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுப்பதில் ஏழில் ஒரு பங்குதான். மணிக்கு 20 லிட்டரை ஆவியாக்கும் இயந்திரத்துக்கு இரண்டு தட்டுப் பனிக்கட்டி ஒரு பொருட்டே இல்லை. போதாததற்கு அதை உறைய வைக்க ஃபிரிட்ஜ் தன் சூட்டை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்கும்.

ஏசி பக்கம் வருவோம். அதன் பலம், ஊரின் காற்றைப் பற்றிக் கவலைப்படாமல் சொன்ன டிகிரியில் நிற்பது. மழை மேகம் கூடிக் காற்று கனக்கும் வாரங்களில் கூலர் கைவிரிக்கும்போது ஏசி ஓடும். ஜன்னலைச் சாத்தி ஓட்டுவதால் புழுதி வராது. ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் அதுவே முடிவைத் தீர்மானிக்கும் காரணமாகலாம். தண்ணீர் கேட்பதில்லை.

பலவீனம் எங்கே என்றால், சரியாக நமக்குத் தேவைப்படும் நேரத்தில்தான். பெட்டியில் அச்சிட்டிருக்கும் திறன், வழக்கமாக வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. ஏசியின் திறனை அளப்பதற்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 5151இல் இதற்கு டி-1 என்று பெயர். கடும் வெப்ப ஊர்களுக்காக 46 டிகிரியில் அளக்கும் டி-3 என்ற பிரிவும் அதே தரநிலையில் இருக்கிறது. வெளியே சூடு ஏற ஏற ஏசியின் திறன் குறையும், இழுக்கும் மின்சாரம் கூடும். ஆக 45 டிகிரி பார்க்கும் ஊரில் வாங்கும்போது டன்னை மட்டும் பார்க்காமல், டி-3 அளவில் எவ்வளவு தருகிறது என்று கேட்டு வாங்க வேண்டும். தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகை ஏசி, வேலை குறைவாக இருக்கும்போது மெதுவாக ஓடி மிச்சம் பிடிக்கும். ஆனால் வேகும் கூரைக்குக் கீழே அது மதியம் முழுக்க உச்ச வேகத்திலேயே ஓடினால் அந்த மிச்சமும் கிடைக்காது. கூரை வேலையை முதலில் முடிக்கச் சொல்வது இதனால்தான்: முடித்த பிறகு ஒன்றரை டன் தேவைப்பட்ட அறைக்கு ஒரு டன்னே போதும் என்று தெரியவரலாம்.

வெளி யூனிட்டுக்கு நிழல் கட்டுவது பற்றி அதிகம் பேசுகிறார்கள். அதற்கு நிழலைவிட முக்கியம் காற்றோட்டம். நிழலுக்காகப் பெட்டி மாதிரி மூடி, அது விட்ட சூட்டை அதுவே திரும்ப இழுக்கும்படி செய்துவிட்டால் நஷ்டம். புழுதி ஊரில் உள் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுவது எந்த நிழலையும்விடப் பலன் தரும். கதவடி இடுக்கை அடைப்பதும் அப்படித்தான்.

ஏசியோடு ஃபேனையும் சேர்த்து ஓட்டுங்கள். 24இல் வைப்பதற்குப் பதில் 27இல் வைத்தாலும் அதே இதம் கிடைக்கும். பிஎல்டிசி என்ற சிக்கன மோட்டார் போட்ட ஃபேன் இழுப்பது சுமார் 30 வாட்தான், பழைய ஃபேனின் 75 வாட்டில் பாதிகூட இல்லை. ஆள் இல்லாத அறையில் மட்டும் ஃபேன் ஓட வேண்டாம்.

ஒரே அறையில் ஏசியும் கூலரும் சேர்ந்து ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று காற்றில் தண்ணீரை ஏற்றும், மற்றது மின்சாரம் செலவழித்து அதே தண்ணீரைப் பிழிந்து குழாய் வழியே வெளியே விடும். இதைவிடக் காசை நேராக ஜன்னலுக்கு வெளியே எறியலாம்.

யாருக்கு எது

சொந்த வீடு, மேல் தளம் என்றால் என் வரிசை இது: வெள்ளைக் கூரை, மேற்கு ஜன்னலுக்கு வெளித்தட்டி, வலை போட்ட ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும், அதற்கும் மேல் தேவைப்பட்டால் கூலர். ஒரு கோடையை இப்படிக் கடந்து பார்த்துவிட்டு ஏசி பற்றி யோசிக்கலாம். பெரும்பாலும் ஒரே ஒரு படுக்கையறைக்குப் போதும் என்று தோன்றும்.

வாடகை வீடு, நடுத்தளம் என்றால் கூரையும் உங்களுடையதல்ல, சுவரும் உங்களுடையதல்ல. வெளித்தட்டியும், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகக்கூடிய ஜன்னல் கூலரும்தான் நியாயமான செலவு. மேல் தள வாடகைக்காரர் வீட்டுச் சொந்தக்காரரிடம் சுண்ணாம்பு அடிக்கக் கேட்டுப் பார்க்கலாம். தளத்தின் ஆயுளும் கூடும் என்று சொன்னால் சம்மதிக்க வாய்ப்பு உண்டு, பொய்யும் இல்லை. வெயிலில் விரிந்து சுருங்குவது குறைந்தால் விரிசலும் குறையும்.

தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வீட்டில் கூலர் வேண்டாம். ஒரு நாளைக்கு 200 லிட்டரை ஆவியாக விடுவது அங்கே அபத்தம். கூரையையும் ஜன்னலையும் இன்னும் கடுமையாகக் கவனித்து, சின்ன இன்வெர்ட்டர் ஏசியோடு நிறுத்திக்கொள்வதுதான் வழி. மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில் நேர் எதிர்: கூலரும் ஃபேனும் பேட்டரியில் ஓடும், ஏசிக்கு அந்தப் பேட்டரி தாங்காது. தண்ணீரும் இல்லை, மின்சாரமும் நம்பிக்கையில்லை என்றால் கூரைக் காப்புக்கும் இரவுக் காற்றுக்கும் முன்னால் வேறு எதுவும் நிற்காது.

வயதானவர்களோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டில் மட்டும் இந்த வரிசையை நான் மாற்றிக்கொள்வேன். அனல் அலை அடிக்கும் நாட்களில் நம்பி ஒதுங்க ஓர் அறையாவது நிச்சயமாகக் குளிர்ந்திருக்க வேண்டும். அதற்கு ஏசி முதலில் வந்தாலும் தவறில்லை, கூரையை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டும் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் ஈரக்குமிழ் அளவைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். 24க்குக் கீழே நிற்கும் நாட்களில் கூலர், அதற்கு மேல் ஏறும் நாட்களில் ஏசி. ஏசிக்கு மாறும் அன்று கூலரின் தொட்டியைக் காலி செய்து, பேட்களை வெயிலில் உலர்த்தி, ஜன்னலில் அது விட்ட ஓட்டையைப் பலகை வைத்து அடைத்துவிடுங்கள். அந்த ஓட்டை திறந்தே இருந்தால் ஏசி தெருவையும் சேர்த்துத்தான் குளிர்விக்கும்.